நிந்தனை: சொல்லும் மஞ்சக்குப்பம் வழக்கும்

நிந்தனை என்பது இகழ்தல், பழித்தல் என்னும் பொருள் தரும் சொல். 'நிந்தா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. நிந்தை என்றும் வழங்கும். தனியாக நிற்கும்போது இது எவரைப் பழிப்பதையும் குறிக்கும். தெய்வ நிந்தனை, சிவநிந்தை, குருநிந்தை எனச் சேர்ந்து வரும்போது புனிதமானவற்றை இகழ்வதைக் குறிக்கும். சைவ மரபில் சிவநிந்தை செய்வது மட்டுமன்றி, அதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் பாவமாகும். தமிழ்க் கிறித்தவர்கள் இப்பொருளில் தேவதூஷணம் என்பர்.

எது நிந்தனை என்ற கேள்வி கடலூர் வட்டாரத்தில் பெரும் பூசலாக எழுந்தது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகளின் பாடல்கள், 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியாரால் 'திருவருட்பா' என்ற பெயரில் திருமுறைகளாகப் பகுத்து வெளியிடப்பட்டன. தேவாரம், திருவாசகம் முதலியவற்றுக்கே உரிய அருட்பா, திருமுறை என்னும் பெயர்களை வேறு பாடல்களுக்கு இடுவது அவற்றை இழிவுபடுத்துவதாகும் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கண்டித்தார். அடிகளின் அன்பர்களுக்கோ, ஓர் அருளாளரின் வாக்கைப் போலி என்பதே நிந்தனையாகப் பட்டது.

நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். தில்லைத் தீட்சிதர்களோடும் அவருக்குப் பிணக்கு இருந்தது. 1869இல் சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினர் என்று, அடிகள் மீதும் தீட்சிதர் சிலர் மீதும் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அவர் வழக்குத் தொடுத்தார். அடிகள் தண்டனையின்றி விடுவிக்கப்பட்டார். வழக்கில் நடந்தவற்றை இரு தரப்பாரும் பின்னாளில் தத்தமக்கேற்ப எழுதினர்.

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் இருவகை நிந்தனையையும் பிரித்தே வைத்திருந்தது. வழிபாட்டிடத்தைக் களங்கப்படுத்துவது 295ஆம் பிரிவிலும், சமய உணர்வைப் புண்படுத்தப் பேசுவது 298ஆம் பிரிவிலும், தனிமனிதரின் மானத்தைக் கெடுப்பது 499ஆம் பிரிவிலும் அடங்கின. ஒரு நூல் அருட்பாவா அன்றா என்று தீர்ப்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. எனவே பாடல்களின் புனிதம் பற்றி எழுந்த பூசல், மனிதரின் மானம் பற்றிய வழக்காகவே நீதிமன்றம் ஏறியது.

வழக்கு முடிந்தும் பூசல் ஓயவில்லை. இருவரும் மறைந்தபின் நாவலர் தரப்பில் கதிரைவேற்பிள்ளையும், அருட்பாவுக்கு ஆதரவாக மறைமலையடிகளும் இசுலாமியரான செய்குத்தம்பிப் பாவலரும் வாதிட்டனர். ஒரு தரப்பார் பக்தி எனக் கொண்டதை மறுதரப்பார் நிந்தனை எனக் கொண்டனர். நாவலரும் அடிகளும் வணங்கியது ஒரே சிவனை.