எந்த எண்ணெய் நல்லது?

விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பேப்பரில் வருமே, அதில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் எல்லாம் டின் கணக்கில் விலை போட்டிருப்பார்கள். எண்ணெய்க்குப் பேர்போன இந்த ஊரிலேயே இன்று "சார், எந்த எண்ணெய் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். இந்தக் குழப்பம் ஒரே நாளில் வந்ததல்ல.

1937-இல் டால்டா வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி நெய்போல உறைய வைத்தது. விலை குறைவு, கல்யாணச் சமையல் வரைக்கும் புகுந்துவிட்டது. 1961-இல் அமெரிக்க இதயச் சங்கம் வெண்ணெய் போன்ற கொழுப்பைக் குறைத்து, தாவர எண்ணெய்க்கு மாறச் சொன்னது. 'தாவரம்' என்ற ஒரு சொல்லின் நிழலில், உறைய வைத்த மார்ஜரினும் நல்லதாகிவிட்டது! அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டியது 1990-இல். நம் நாட்டில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2022-இல். நடுவில் 32 வருடம்.

இதற்கிடையே ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய், 'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற விளம்பரத்தோடு வந்தது. பொய் இல்லை. ஆனால் எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, நம்ம செக்குக் கடலை எண்ணெய் உட்பட! அதைச் சொல்வார் இல்லாமல் பல வீடுகளில் கடலை எண்ணெயை ஒதுக்கினார்கள். இப்போது அதுவே 'மரச்செக்கு' என்று கூடுதல் விலைக்குத் திரும்பி வந்திருக்கிறது. கூடவே, ரீஃபைண்டு என்றாலே விஷம் என்ற பேச்சும். எனக்கு இது பழைய விளம்பரத்தைத் திருப்பிப் போட்ட மாதிரிதான் தெரிகிறது.

பட்டாசு ஆலை, தீப்பெட்டி வேலைக்குப் போகிற குடும்பங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். ரேஷன் கடையில் 2007 முதல் பாமாயில் தருகிறார்கள். லிட்டர் 25 ரூபாய். அதையும் விஷம் என்று வாட்ஸ்அப்பில் பரப்பினால் அவர்கள் எங்கே போவார்கள்? கடலை எண்ணெயைவிட அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், உண்மைதான். அதற்காகக் கீழே கொட்ட வேண்டியதில்லை. அதையே முழுக்க நம்பாமல் மற்ற எண்ணெயோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம்.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (1918-இல் நம்ம குன்னூரில் ஒற்றை அறையில் தொடங்கியதுதான் அது) 2024-இல் சொன்ன கணக்கு, 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம். நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் வரும். ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர் போக மீதிக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். கடையில் சாப்பிடுகிற நம்மூர் எண்ணெய் பரோட்டாவும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அதை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டாதீர்கள்!