முதல் விற்பனை யார் கையில்? பொழியூர் – தூத்தூர் கரையில் கால்பந்தின் பொருளியல் வரலாறு

ஒரு கால்பந்து வீரனை உருவாக்கும் செலவை யார் ஏற்கிறார்கள்? அவன் ஆட்டத்தால் வரும் வருவாய் யாரிடம் போய்ச் சேர்கிறது? விளையாட்டுப் பொருளியலின் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. அவற்றுக்கு விடை தேடப் பெரிய நகரங்களின் பெரிய அணிகளையே ஆய்வாளர்கள் பெரிதும் நாடினார்கள். இக்கட்டுரை கேரளத்தின் தென்கோடியில் உள்ள நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடலோரத்தையும் அதையொட்டிய குமரி மாவட்ட மீனவ ஊர்களையும் எடுத்துக்கொள்கிறது. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராபிப் போட்டியில் கேரள அணிக்குத் தொடர்ந்து ஆட்டக்காரர்களைக் கொடுத்ததால் ‘சந்தோஷ் டிராபி கிராமம்’ என்று ஏடுகள் அழைக்கும் பொழியூர் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கரையில் கால்பந்து ஊர்ப் பொழுதுபோக்காக இருந்து அரசு வேலைக்கு வழியாகி, பின்பு ஒப்பந்தத் தொழிலாக மாறியது. மூன்று கட்டங்களிலும் வீரனை வளர்க்கும் செலவு ஊரிடமே நின்றது. பலன் மட்டும் கை மாறியது. இதை நிறுவுவதும், இந்த வரலாற்றையே பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பள்ளிகளின் பொருளியல் பாடமாக்க முடியும் என்று காட்டுவதும் கட்டுரையின் நோக்கம்.

1956: ஒரு எல்லைக்கோடும் ஒரு கோட்பாடும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. ஆனால் அது கேரளத்திலேயே நின்றது. உள்நாட்டில் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை விழுந்தது. கடலோரத்தில் பொழியூர் ஒரு பக்கமும், நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்ற எட்டு ஊர்கள் மறுபக்கமும் ஆயின. மண உறவும் மீன்பிடித் தொழிலும் எல்லைக்கோட்டைத் தாண்டியே தொடர்ந்தன. 1937-இல் தோன்றிய திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டம் இன்றும் இந்த இரு பக்கத்துப் பங்குகளையும் தன்னுள் வைத்திருக்கிறது. ஒரே கடல், ஒரே மறைமாவட்டம், இரண்டு அரசுகள் என்ற இந்த அமைப்புதான் பின்வரும் வரலாற்றின் அடித்தளம்.

அதே 1956-இல்தான் அமெரிக்கப் பொருளியலாளர் சைமன் ராட்டன்பர்க், பேஸ்பால் ஆட்டக்காரர்களின் உழைப்புச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி’ இதழில் வந்தது. விளையாட்டுப் பொருளியல் அந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்குவதாகக் கொள்வது மரபு. ஆட்டக்காரன் மீதான உரிமை அணியிடம் இருந்தாலும் சரி, அவனிடமே இருந்தாலும் சரி, யாரிடம் அவன் உழைப்புக்கு அதிக மதிப்போ அங்கேதான் போய்ச் சேர்வான். உரிமை யாருடையது என்பது பணம் யார் கைக்குப் போகிறது என்பதை மட்டுமே தீர்மானிக்கும் என்றார் ராட்டன்பர்க். உரிமையைத் தடையின்றி வாங்கி விற்க முடிந்தால் இது பொருந்தும். பொழியூர்க் கரையில் அந்த நிபந்தனை நெடுங்காலம் நிறைவேறவில்லை. அதற்குக் காரணம் மேலே சொன்ன எல்லைக்கோடு.

முதற்கட்டம்: ஊர் ஏற்ற செலவு

இந்தக் கரையில் பொதுச்செலவுக்கான பணத்தை ஊரே திரட்டிய மரபு பழையது. பிடித்து வந்த மீனில் ஒரு பங்கை ஊர்த் தேவாலயத்துக்காக எடுக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். அதற்குக் குத்தகை என்று பெயர். மீன்பிடி வருவாயும் கூலியாகப் பிரிக்கப்படுவதில்லை. வள்ளத்துக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பங்காகவே பிரியும். லாபத்தையும் நட்டத்தையும் சேர்ந்து சுமக்கும் இந்தப் பழக்கம் ஊர்த் திருவிழாவுக்கும் ஊர் அணிக்கும் துணை நின்றது.

வெளிப்பார்வைக்குக் கடற்கரைக் கால்பந்து செலவில்லாத ஆட்டம். மணல் இருக்கிறது, பந்து ஒன்று போதும். பொருளியல் கணக்கு அப்படிச் சொல்லாது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் கடலுக்குப் போனால் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. மாலைதோறும் பயிற்சிக்கும் வாரக்கடைசியில் வெளியூர்ப் போட்டிக்கும் போகிறவன் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறான். பாடநூல் வாய்ப்புச் செலவு என்று சொல்வது இதைத்தான். அந்தச் செலவு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும்போதும், விசைப்படகுகளுக்குத் தடை வரும் ஜூன், ஜூலை மாதங்களிலும் விட்டுக்கொடுக்க வேண்டிய பங்கு குறைவு. மீன் நிறைய விழும் மாதங்களில் அதே ஒரு மணி நேரப் பயிற்சி வீட்டுக்குப் பெரிய சுமை. பையனைக் கடலுக்கு அனுப்பாமல் களத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு வீடும் ஒரு முதலீட்டைச் செய்திருக்கிறது. அதற்கு ரசீது கிடையாது என்பதால் எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை.

இரண்டாம் கட்டம்: துறை அணிகள்

அந்த முதலீட்டுக்கு முதன்முதலில் வருவாய் கொடுத்தவை அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும். கேரளத்தில் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1954-இல் விளையாட்டுக் கழகம் தோன்றியது. திருவனந்தபுரத்தில் டைட்டானியம் ஆலை, திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி, மின்வாரியம், கணக்காயர் அலுவலகம் ஆகியவை அணிகளை நடத்தின. கேரளக் காவல்துறை 1984-இல் தொடங்கிய அணி 1990, 1991 என அடுத்தடுத்து இரண்டு முறை ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன் இந்திய அணி வரை போனது அந்த அணியின் வழியாகத்தான்.

துறை அணி கொடுத்தது ஆட்டத்துக்கான விலை அன்று, வேலை. ஆடும் காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். சம்பளமோ ஓய்வு பெறும் வரை, அதன்பின் ஓய்வூதியம். கடலில் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் பங்கை நம்பி வாழும் வீட்டுக்கு இந்த நிலைத்தன்மை ஒரு பெரிய காப்பீடு. ஆனால் வேலைகள் சில, ஆசைப்படுகிறவர்கள் பலர். எட்வர்ட் லாசியரும் ஷெர்வின் ரோசனும் 1981-இல் விளக்கிய தரவரிசைப் போட்டி இங்கே கண்ணெதிரே நடந்தது. திறமையில் மயிரிழை வேறுபாடு. ஆனால் ஒருவன் வங்கி ஊழியன், மற்றவன் மறுபடியும் வள்ளத்தில். பரிசின் இந்தப் பெரும் இடைவெளியே நூறு சிறுவர்களை ஓட வைத்தது. அவர்களில் பெரும்பாலோரின் பயிற்சிக்கு வருவாய் வரவில்லை.

எல்லைக்கோட்டின் கை இங்கேதான் வெளிப்பட்டது. மாநில அணிக்கு ஆடிய சான்று, விளையாட்டு ஒதுக்கீடு, அரசுப் பணி ஆகிய மூன்றும் மாநிலத்தோடு பிணைந்தவை. பொழியூர்ப் பையனுக்குப் பக்கத்துச் சந்தை திருவனந்தபுரம். சில கல் தொலைவிலுள்ள வள்ளவிளைப் பையன் வேலைக்காகப் பார்க்க வேண்டியிருந்தது சென்னையை. அங்கே ரயில் பெட்டித் தொழிற்சாலையும் இந்தியன் வங்கியும் அணி வைத்திருந்தன. இருவரும் ஒரே மறைமாவட்டத்தின் போட்டிகளில் எதிரெதிரே ஆடியவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் அவர்கள் போய்ச் சேரும் சந்தையைத் தீர்மானித்தது திறமையின் மதிப்பு மட்டுமல்ல, குடும்ப அட்டையில் இருந்த மாநிலமும்தான். ராட்டன்பர்க்கின் கோட்பாடு பொருந்தாமல் போகும் இடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தாவில் வங்காளத்தைத் தோற்கடித்துக் கேரளம் 13 ஆண்டுகளுக்குப் பின் சந்தோஷ் டிராபியை வென்றது. அணியில் சீசன் உள்ளிட்ட பொழியூர்க்காரர்கள் இருந்தார்கள். ஒக்கிப் புயல் இந்தக் கரையின் வீடுகளைச் சூறையாடி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அணியில் வேலையில்லாதிருந்த 11 பேருக்கு மாநில அரசு எழுத்தர் பணி அளிக்க முடிவெடுத்தது. வீரர்களைத் தொழில்முறைக் குழுக்கள் வாங்கத் தொடங்கிய பிறகும், இந்தக் கரையில் வெற்றியின் விலை அரசு வேலையாகவே மதிப்பிடப்பட்டது என்பதற்கு இது சான்று.

மூன்றாம் கட்டம்: ஒப்பந்தத் தொழில்

துறை அணிகளின் காலம் மெல்லத் தளர்ந்தது. 1997-இல் தோன்றிய எஃப்.சி. கொச்சின் அதே ஆண்டு டூரண்ட் கோப்பையை வென்று, சில ஆண்டுகளிலேயே பணமின்றி மறைந்தது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. 2017-இல் திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கியே பாரத ஸ்டேட் வங்கியோடு இணைக்கப்பட்டது. 2024-இல் கேரள சூப்பர் லீக் தொடங்கி, திருவனந்தபுரம் கொம்பன்ஸ் என்ற தொழில்முறை அணி தலைநகருக்குக் கிடைத்தது.

இந்தக் கட்டத்தில் எல்லைக்கோடு வலுவிழந்தது. இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் தொடங்கி ஜாம்ஷெட்பூருக்கும், அங்கிருந்து 2019-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கும் போனார். எந்த மாநிலத்து வீரன் என்று சந்தை கேட்கவில்லை. ராட்டன்பர்க் சொன்ன நகர்வு அறுபது ஆண்டு தாமதமாக இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது.

எல்லையோடு காப்பும் போயிற்று. 2020 நவம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான தொடக்க ஆட்டத்திலேயே சூசைராஜுக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. வங்கி ஊழியனுக்குக் காயம் பட்டால் மேசை வேலை உண்டு. ஒப்பந்த வீரனுக்கு அடுத்த ஒப்பந்தமே கேள்விக்குறி. இடர் தனி ஆளோடு நிற்கவில்லை. 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீகின் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. சில அணிகள் ஊதியத்தையும் நிறுத்தின. முன்பு துறை சுமந்த இடர் இப்போது வீரனின் வீட்டுத் திண்ணையில் இறங்கியிருக்கிறது.

திரும்பி வராத செலவு

கேரி பெக்கர் 1964-இல் மனித மூலதனம் பற்றி எழுதிய நூலில் பொதுப் பயிற்சியையும் நிறுவனத்துக்கே உரிய பயிற்சியையும் பிரித்துக் காட்டினார். எந்த நிறுவனத்திலும் பயன்படும் திறனுக்கு நிறுவனம் செலவிடாது. பயிற்சி பெறுபவன்தான் செலவை ஏற்பான். பந்தை அடக்கும் திறன் அப்படிப்பட்ட பொதுத் திறன். எனவே அதன் செலவு பையனிடமும் அவன் வீட்டிடமும் ஊரிடமும் தங்கிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய ஃபிஃபா 2001-இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் முடியும் முன் வீரன் வேறு நாட்டு அணிக்கு மாறினால், மாற்றுத் தொகையில் 5 விழுக்காடு அவனை 12 முதல் 23 வயது வரை வளர்த்த சங்கங்களுக்குப் பிரிக்கப்படும். 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வொரு பருவத்துக்கும் மாற்றுத் தொகையில் 0.25 விழுக்காடு, அதன்பின் பருவத்துக்கு 0.5 விழுக்காடு. மாற்றுத் தொகை ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு பருவங்கள் வளர்த்த சங்கத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரவேண்டும். அது ஓர் ஊர் அணிக்குப் பந்தும் காலணியும் பயணச் செலவும் ஆகும். ஆனால் அந்தப் பையன் பதிவுபெற்ற சங்கத்தில், பதிவுபெற்ற வீரனாக ஆடியிருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலைத் திருவிழா நோட்டீசில் மட்டும் அச்சிடும் அணிக்கு ஒரு காசும் வராது. உள்நாட்டு மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த விதிக்குள் வருவதேயில்லை. ஒப்பந்தம் முடிந்தபின் மாறுகிறவனுக்கு மாற்றுத் தொகையே கிடையாது.

இந்தச் சிக்கலை ஒத்த ஒன்றை இந்தக் கரை ஒருமுறை தீர்த்திருக்கிறது. கடன் கொடுத்த தரகர்கள் கரையில் மீனின் முதல் விற்பனையைத் தம் கையில் வைத்திருந்தார்கள். விலையைச் சொன்னதும் அவர்கள், கழிவை எடுத்ததும் அவர்கள். திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையின் மரியநாட்டில் தொடங்கிய மீனவர் சங்க முயற்சி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பாக உருவெடுத்தது. திருவனந்தபுரம், குமரி மாவட்டங்களில் அதன் ஊர்ச் சங்கங்கள் கரை ஏலத்தைத் தாமே நடத்தின, கடனையும் சேமிப்பையும் அந்த விற்பனையோடு இணைத்தன. மீனின் முதல் விற்பனை மீனவன் கைக்கு வந்ததும் வருவாயின் பங்கும் மாறியது.

வகுப்பறைக்கு என்ன கொண்டுபோகலாம்

எல்லையோரப் பள்ளிகளில் மேல்நிலைப் பொருளியல் படிக்கும் மாணவருக்கு ஏலத்தை விளக்கக் கரும்பலகை வரைபடம் வேண்டாம். காலையில் கரைக்குப் போனால் விலை எப்படி ஏறுகிறது, எப்போது நிற்கிறது என்று காதாலேயே கேட்கலாம். அதிலிருந்து 2008-இல் மும்பையில் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்துக்குப் போவது எளிது. அங்கே மகேந்திர சிங் தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது.

வால்டர் நீல் 1964-இல் சொன்ன ஒன்றை ஊர்ப் போட்டியே கற்பிக்கும். மற்றத் தொழில்களில் எதிராளி ஒழிந்தால் லாபம். விளையாட்டில் எதிராளி ஒழிந்தால் விற்கப் பொருளே இல்லை. பொழியூருக்கு வள்ளவிளை வேண்டும்.

ஆட்டக் கோட்பாட்டுக்குப் பெனால்டி உதை போதும். கேரளம் 2018, 2022 ஆகிய இரு சந்தோஷ் டிராபி இறுதிகளையும் வங்காளத்துக்கு எதிராகப் பெனால்டியில்தான் வென்றது. உதைப்பவன் எப்போதும் ஒரே பக்கம் அடித்தால் கோல்காவலன் கண்டுகொள்வான். கலந்து அடிப்பதே அறிவு. இக்னாசியோ பலாசியோஸ்-ஹுவெர்த்தா ஐரோப்பிய ஆட்டங்களின் 1,417 பெனால்டிகளை எடுத்து, கோட்பாடு சொன்னபடியே ஆட்டக்காரர்கள் நடப்பதை 2003-இல் காட்டினார். மாணவர்கள் தம் பள்ளி மைதானத்தில் நூறு உதைகளைப் பதிந்து அதே சோதனையைச் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் மேலான பயிற்சி, ஊர் அணியின் ஓராண்டுக் கணக்கை எழுதுவது. பந்து, காலணி, வண்டி வாடகை, நடுவர் படி ஆகியவற்றோடு, விட்டுக்கொடுத்த கடல் நாட்களையும் விலையிட்டு ஒரு பத்தியில் சேர்க்க வேண்டும். இதுவரை எந்த ஏட்டிலும் ஏறாத முதலீடு அப்போதுதான் எண்ணாகத் தெரியும்.

முடிவுரை

ஊர், துறை, ஒப்பந்தம் என்று மூன்று கட்டங்களைக் கடந்தும் பொழியூர் – தூத்தூர் கரையில் ஒன்று மாறவில்லை: வீரனை வளர்க்கும் செலவு கரையில், விலை வெளியூரில். துறை அணிக் காலத்தில் அரசு வேலை அந்தச் செலவின் ஒரு பகுதியைச் சம்பளமாக வீட்டுக்குத் திருப்பியது. இன்றைய சந்தை அந்த அளவுக்குக்கூட உறுதி தருவதில்லை. 2024 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் பன்னாட்டு விளையாட்டு உச்சி மாநாட்டைக் கூட்டிய கேரள அரசு, விளையாட்டைப் பொருளாதாரத் துறையாக வளர்ப்பதாக அறிவித்தது. அந்தத் திட்டத்தில் மைதானங்களுக்கு இருக்கும் இடம் ஊர் அணிகளுக்கும் இருக்க வேண்டும். எல்லையின் இரு பக்கத்து ஊர் அணிகளும் தத்தம் மாநிலச் சங்கங்களில் முறையாகப் பதிவாக வேண்டும். 12 வயதிலிருந்தே ஒவ்வொரு பையனின் பருவத்தையும் பதிய வேண்டும். உள்நாட்டு மாற்றங்களிலும் வளர்த்த சங்கத்துக்குப் பங்கு தரும் விதியை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிடம் சேர்ந்து கேட்க வேண்டும். மீனின் முதல் விற்பனையைத் தரகரிடமிருந்து மீட்ட மக்களுக்கு இது எட்டாத வேலை அல்ல. அந்தப் பதிவேட்டை எழுதத் தெரிந்த பிள்ளைகளைப் பொருளியல் வகுப்பு உருவாக்கித் தரட்டும்.