சுண்ணச் சாந்தும் நம்மவர் கைத்திறனும்

தோட்டத்து வீட்டை விட்டுச் சொந்த வீடு புகுவோர் தொகை நம்மவருள் பெருகி வருகின்றது. அங்ஙனம் புதுவீடு வாங்கிய அன்பர் ஒருவர், நம்முடன் ஒரே காரியாலயத்தில் கிராணி வேலை பார்ப்பவர், சென்ற மாதம் சில மாதிரித் துண்டுகளைக் கொணர்ந்து நம் மேசைமீது பரப்பி, கூடத்துச் சுவருக்கு எது பொருந்தும் என்று கேட்டார். ஒன்று பளிங்கு போலத் தோன்றும் காகிதம். ஒன்று தேக்குப் போலத் தோன்றும் பிளாஸ்டிக் பலகை. இன்னொன்று கருங்கல் போலத் தோன்றும் ஏதோ ஒன்று. யாவும் 'போல'வே! "மெய்யாகவே பளிங்கை நிகர்த்த சுவரை நம்மவர் கைகள் இந்நாட்டில் பூசியுள்ளன, அறிவீரோ?" என்றோம். அன்பர் நகைத்தார். அந்நகைப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

சுண்ணாம்பு நமக்குப் புதிய பொருளன்று. வெற்றிலை போடும் பாட்டியாரும் அறிவார். கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுட்டால் அதனுள் அடங்கிய கரியமிலவாயு நீங்கும்; சுட்டதன்மேல் நீர் தெளித்தால் கொதித்துப் பொரிந்து மாவாகும்; அம்மாவைக் குழைத்துப் பூசினால், காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல உண்டு மீண்டும் கல்லாகும். கல்லை மாவாக்கி, மாவைக் கல்லாக்கும் இவ்வித்தையில் சென்னைப் பக்கத்துக் கொத்தர் பெரும் புகழ் பெற்றிருந்தனர். வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஆங்கில ஓவியர், 1793-இல் வெளியிட்ட தம் பயண நூலில், கடலிலிருந்து நோக்குங்கால் சென்னைக் கோட்டையின் வீடுகள் அளித்த காட்சியை வியந்து, அவற்றின் பூச்சு உயர்ந்த பளிங்குக்கு ஈடானது என்று எழுதினார். நமது 'சுண்ணம்' என்ற சொல்லே 'சுனாம்' என ஆங்கில அகராதியிலும் ஏறியது.

அது கடல் கடந்து இங்கு வந்த கதையைக் கேளுங்கள். 1819-இல் ராபிள்ஸ் துரையோடு பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பாகாரில் செங்கற்சூளை வைத்தார் என்பதும், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை 1827-இல் நிறுவினார் என்பதும் நேயர்கள் அறிந்தவையே. ஆனால் அந்நகரின் பெருங்கட்டிடங்கள் பலவற்றை எழுப்பியவர் வேறொரு கூட்டத்தார். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பென்கூலன் ஒல்லாந்தர் கைக்குப் போகவே, அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர் இந்தியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்தனர். சதுப்பைத் தூர்த்தோரும், சாலை போட்டோரும், கல்லுடைத்தோரும் அவர்களே. வங்கத்தாரும் பம்பாய்ப் பக்கத்தாரும் அவருள் உண்டு. எல்லாரும் தமிழரென்று நாம் சொல்ல வரவில்லை. கொத்தராகவே வந்தோர் சிலர். சிறைக்குள்ளே தொழில் பயின்றோர் பலர்.

இவர்கள் கைவண்ணத்தில் தலையாயது புனித ஆண்ட்ரூ பேராலயம். அவ்விடத்திலிருந்த பழைய ஆலயத்தை இருமுறை இடி தாக்கியது. 1852-இல் அதனை மூடி, 1855-இல் இடித்துத் தள்ளினர். மக்பர்சன் என்னும் இராணுவ எஞ்சினியர் வரைந்த படத்தின்படி 1856-இல் புதிய ஆலயத்துக்குக் கால்கோள் நடந்தது. 1861 அக்டோபரில் அங்கே முதல் வழிபாடு நிகழ்ந்தது.

உட்சுவர்களுக்கும் தூண்களுக்கும் அவர்கள் பூசியது நமது சென்னைச் சுண்ணமே. மணல் கலவாத கிளிஞ்சற் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டனர். முட்டையின் வெண்கருவையும் வெல்லத்தையும் சேர்த்துக் களியாக அடித்தனர். தேங்காய் மட்டையை ஊறவைத்த நீரை விட்டு அனைத்தையும் கலந்தனர். பூச்சு ஓரளவு உலர்ந்தபின் படிகக்கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்த்தனர். இடையிடையே மாக்கல் தூளைத் தூவி மீண்டும் தேய்த்தனர். கண்ணாடிபோல் வழவழப்பு வரும்வரை கை ஓயக்கூடாது. வெல்லத்தின் சர்க்கரை இருந்தால் சுண்ணாம்பு நீரில் மிகுதியாகக் கரையும் என்றும், வெண்கரு பசையாய் நின்று பிணைக்கும் என்றும் இரசாயனம் கூறும். இரசாயனம் படியாதவர் அதனைக் கையாலறிந்திருந்தனர். அக்காலத்துப் பண்டசாலைக் கிராணி, ஆலயக் கணக்கில் முட்டையையும் வெல்லத்தையும் எந்தத் தலைப்பில் எழுதினானோ! நம் தொழில் நமக்கு நினைவு வருகின்றது.

நிற்க. இப்பக்குவத்தை நாம் எங்கே கற்றோம்? நம் முன்னோர் ஏட்டிலன்று, தமிழ் நூலொன்றிலுமன்று. அக்கைதிகளை மேற்பார்த்த அதிகாரி மக்நேர், 1899-இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே கற்றோம். ஆங்கிலப் பள்ளியில் வாசித்ததனால் நமக்கு அது கிட்டியது. இதனைப் பெருமையாகச் சொல்லவில்லை. நம்மவர் தொழிலின் இரகசியத்தை, அவரைப் பூட்டி வைத்தவரின் மொழியில் படித்தறியவேண்டி வந்ததே என்று நாணியே சொல்லுகின்றோம். கைத்தொழில் கையிலிருந்து கைக்கே செல்வது. 1873-இல் அச்சிறையமைப்புக் கலைந்தது. தண்டனை தீராதோர் அந்தமானுக்குச் சென்றனர். விடுதலை பெற்றோர் பலர் இங்கேயே ஊரோடு கலந்தனர். பின்னர்ச் சிமெண்டு மலிந்தது. ஒரே நாளில் இறுகுவதை விட்டு, வாரக்கணக்கில் தேய்ப்பதை யார் கேட்பார்?

கைதிகள் பூசியது என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுவோரும் நம்மிடை உளர். அவர்கள் போட்ட சாலையில் நடக்க மட்டும் எவரும் கூசினாரில்லை.

இதே வித்தை செட்டிநாட்டில் வேறு விதமாய் வாழ்ந்தது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், ஈட்டிய பொருளைக் காரைக்குடிப் பக்கத்து மாளிகைகளில் கொட்டினர். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலேறி வந்தன. ஆயினும் சுவர் மட்டும் உள்ளூர்க் கொத்தன் கையையே நம்பியிருந்தது: சுண்ணாம்பு, வெண்கரு, கடுக்காய் நீர். ஆத்தங்குடித் தரைக்கல்லோ நெருப்பையே காணாதது. கண்ணாடிமீது வண்ணக் குழம்பை வார்த்து, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுப்பர். கண்ணாடியின் மழமழப்பு கல்லில் ஒட்டிக்கொள்ளும். அழகுதான், மறுப்பாரில்லை. எனினும் இங்கே கடன்பட்டோர் கட்டிய வட்டியும் அப்பளபளப்பில் கலந்துள்ளதென்பதை, இந்நாட்டில் வாழும் நாம் மறத்தல் இயலுமோ? 1942-இல் ஜப்பானியர் படை பர்மாவுள் புகுந்ததும், போருக்குப் பின் 1948-இல் அங்கே நிலங்களைத் தேசவுடைமையாக்கும் சட்டம் வந்ததும் அச்செல்வத்தின் வேரை அறுத்தன. சுவர்கள் மட்டும் இன்றும் மின்னுகின்றன.

நம் பாட்டனார் வாழ்ந்த தோட்டத்து லயத்திலும் சுண்ணாம்பு உண்டு. முட்டையில்லை, வெல்லமில்லை, தண்ணீரில் கரைத்து மட்டையால் அடித்த வெறும் வெள்ளை. சுகாதாரப் பரிசோதகர் வருகின்றாரென்றால் லயம் முழுவதும் வெள்ளையாகிவிடும் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். சுண்ணாம்பின் காரம் கிருமியைக் கொல்லும். ஆதலின் அதனைக் குறை கூறோம். பொங்கலுக்கு முன்னாள் நம் பாட்டியார் அவ்வெள்ளைமீது காவிப் பட்டை இழுத்தது கூலிக்கன்று, எவர் உத்தரவுக்குமன்று. வீடு என்பது அதுவே எனக் கருதினார் போலும்.

இனி அன்பர் கதைக்கு வருவோம். இவ்வரலாற்றைக் கேட்டவர், பளிங்குக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, மறுவாரமே சுவரில் வெள்ளையடித்தார். விருந்தினர் ஒருவர் சாய்ந்து எழுந்தபோது அவர் சட்டை முதுகெல்லாம் வெள்ளை! விசாரித்தோம். மண்ணின் புளிப்பை மாற்றப் பயிருக்கு இடும் சுண்ணாம்புத் தூளை வாங்கிக் கரைத்திருக்கின்றார். அது சுடாத கல்லின் பொடி. கடைசிவரை பொடியாகவே இருக்கும். இவ்வளவு எழுதும் நாம் அதனை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? பின்னர்ச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு வாங்கிச் சில வாரம் நீரில் ஊறவைத்தார். பழைய பூச்சைத் தேய்த்துக் கழுவி, சாயம் படாத அச்சிமெண்டுச் சுவரை ஈரமாக்கி, மெல்லிய பூச்சாக மும்முறை அடித்தார். இப்பொழுது கையில் ஒட்டவில்லை. சுவரின் ஈரம் உள்ளே அடைபடாமல் வெளியேறுவதால், எண்ணெய்ச் சாயம் பூசிய அடுத்த வீட்டுச் சுவர்போல் கொப்புளமும் எழவில்லை.

சன்னலடியில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் சாந்தாகவே பூசி, ஒரு முட்டையும் சிறிது வெல்லமும் சேர்த்து, ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல்லால் மூன்று மாலைப் பொழுது தேய்த்தார். நாமும் ஒரு மாலை தேய்த்தோம்; தோள் இன்னும் வலிக்கின்றது. நடுவில் உள்ளங்கையளவு மின்னுகின்றது. ஓரங்களில் விரிசல் கண்டிருக்கின்றது.