புகைக்குழாய் வால்வும் அதன் சுவிட்சும்

காரின் எஞ்சினில் எரிந்த வாயு வெளியேறும் குழாயில், பாதையைத் திறக்கவும் அடைக்கவும் பொருத்தப்படும் தட்டு போன்ற அமைப்பே புகைக்குழாய் வால்வு. எஞ்சின் தலைப்பகுதியில் இருக்கும் வெளியேற்று வால்வு வேறு. இது அதற்கு வெகு தூரம் பின்னால், சைலன்சரை ஒட்டி இருப்பது. மூடியிருந்தால் வாயு சைலன்சரின் அறைகளைச் சுற்றிக்கொண்டு போகும், சத்தம் அடங்கும். திறந்தால் குறுக்கு வழியில் பாயும், சத்தம் எழும், எஞ்சின் மீதான எதிரழுத்தம் குறையும். வேலை இவ்வளவுதான். ஆனால் இந்தத் தட்டை அசைக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீரவில்லை. ஓட்டுநரின் காலில் இருந்த அந்த உரிமையைச் சட்டம் பறித்தது. பின்னர் அது கணினிக்குப் போனது. இப்போது காரின் உரிமையாளர்கள் சிலர் தாமே வயர் இழுத்து, சுவிட்ச் வைத்து, அதைத் திரும்பப் பெறப் பார்க்கிறார்கள்.

காலால் மிதித்த காலம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரைச் சேர்ந்த மில்ட்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897 இல் எஞ்சின் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றனர். குதிரைவண்டிகள் நிறைந்த தெருவில் வெடிச்சத்தத்தோடு ஒரு வண்டி வந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அக்காலச் சைலன்சர்கள் வாயுவைத் தாராளமாக விடவில்லை. எஞ்சினின் வலு அங்கே வீணாகிறது என்று ஓட்டுநர்கள் குறைப்பட்டனர். அதற்கு மாற்றாக வந்ததுதான் ‘கட்-அவுட்’. (தமிழ்நாட்டில் இச்சொல் நினைவூட்டும் பிரம்மாண்டமான சினிமா உருவங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே ஒரு திறப்பு, அதை இழுக்க ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் ஓட்டுநரின் காலடியில் ஒரு மிதி. மேட்டில் ஏறும்போது மிதித்துத் திறப்பார்கள். ஃபோர்டின் ‘மாடல் டி’ காருக்கும் இத்தகைய துணைக்கருவிகள் கடைகளில் விற்றன.

மேட்டுக்கென்று வந்த மிதி, ஊருக்குள்ளும் மிதிக்கப்பட்டது. விளைவாக நகரங்களும் மாநிலங்களும் தடை விதித்தன. அத்தடையின் சுவடு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 27150 ஆம் பிரிவு, வாகனத்தில் போதுமான சைலன்சர் இருக்க வேண்டும் என்பதோடு, அதில் கட்-அவுட்டோ மாற்றுப்பாதையோ இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

அதே கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் ஓட்டிய இளைஞர்கள் வேறு வழி கண்டனர். காரின் பக்கவாட்டில் ஒரு குழாய், அதன் வாயில் போல்ட் போட்ட மூடி. ஊருக்குள் மூடி இருக்கும். எல் மிராஜ் போன்ற படுகைகளை அடைந்ததும் ஸ்பேனரால் கழற்றிவிடுவார்கள். வயர் இல்லை, மோட்டார் இல்லை. ஆனால் பிற்காலத்து வீட்டு வயரிங்கின் முன்னோடி இதுவே.

ஒலி அளவையும் கணினியும்

வால்வு சட்டப்படியே திரும்பி வரக் காரணமாக இருந்தது ஐரோப்பா. 1970 இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் கார்களுக்கு 82 டெசிபெல் என்ற ஒலி வரம்பை வைத்தது. அது படிப்படியாக 80, 77 எனக் குறைந்து, 1992 ஆம் ஆண்டு நெறிமுறையில் 74 ஆனது. எட்டுதானே குறைந்தது என்று தோன்றும். டெசிபெல் மடக்கை அளவு என்பதால், ஒலி ஆற்றல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது என்று பொருள்.

சோதனை முறை நிலையானது. கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். குறித்த கோட்டைத் தொட்டதும் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்த வேண்டும். 20 மீட்டர் தூரத்தைக் கடக்கும்வரை, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி இருபுறமும் நிற்கும் ஒலிவாங்கிகள் அளக்கும். தேர்வில் எந்தப் பாடத்திலிருந்து கேள்வி வரும் என்று முன்பே தெரிந்த மாணவன் என்ன செய்வானோ, பொறியாளர்களும் அதையே செய்ய முடிந்தது. சோதனையில் வரும் எஞ்சின் வேகத்தில் வால்வு மூடியிருக்கும். அதைத் தாண்டினால் திறக்கும். விதி மீறப்படவில்லை, காரும் கர்ஜித்தது. 1994 இல் வந்த ஃபெராரி எஃப்355 காரில் இத்தகைய மாற்றுப்பாதை வால்வு இருந்தது. 1990களின் தொடக்கத்தில் மிட்சுபிஷி 3000ஜிடி விஆர்-4 காரோ, அமைதியும் முழக்கமும் தேர்ந்துகொள்ள ஓட்டுநருக்கே ஒரு சுவிட்ச் தந்தது. பெரும்பாலான கார்களில் அந்தச் சலுகை இல்லை, முடிவு கணினியுடையது.

ஃபியூஸைப் பிடுங்கியவர்கள்

2006 ஆம் ஆண்டு மாடலாக வந்த செவ்ரோலே கார்வெட் இசட்06 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் சைலன்சர் வால்வுகளை அசைப்பது மோட்டார் அல்ல, எஞ்சினின் உறிஞ்சு குழாயில் உண்டாகும் வெற்றிடம். கணினி ஒரு சோலினாய்டுக்கு மின்சாரம் தரும், சோலினாய்டு வெற்றிடத்தை வால்வுக்கு அனுப்பும், வால்வு மூடும். வெற்றிடம் போனால் சுருள்வில் அதைத் திறந்துவிடும். பழுது ஏற்பட்டாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டக்கூடாது என்பதற்கேற்ற அமைப்பு இது. நல்ல பொறியியல்தான்.

அந்த நல்ல பொறியியலே வழியும் திறந்துவிட்டது. சோலினாய்டின் ஃபியூஸைப் பிடுங்கினால் போதும், வால்வு எப்போதும் திறந்தே இருக்கும். உரிமையாளர்கள் இதை விரைவில் கண்டுகொண்டனர். ஆனால் விடியற்காலையில் அண்டை வீட்டார் தூங்கும்போது ஃபியூஸைச் செருகவும், நெடுஞ்சாலையில் பிடுங்கவும் யாருக்குப் பொறுமை இருக்கும்? எனவே ஃபியூஸ் இருந்த இடத்திலிருந்து இரு வயர்களை இழுத்து, இடையில் சுவிட்ச் வைத்தனர். பின்னர் ரிமோட்டில் இயங்கும் ஆயத்தப் பெட்டிகளும் விற்பனைக்கு வந்தன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: சுவிட்ச் ஃபியூஸோடு தொடரில் இருக்க வேண்டும், ஃபியூஸுக்குப் பதிலாக அல்ல. ஃபியூஸை விட்டுவிட்டு வயரை மட்டும் இணைத்தால், எங்கேனும் உரசி மின்கசிவு ஏற்படும்போது தடுக்க எதுவும் இராது. வயரே ஃபியூஸாக எரியும்.

தொழிற்சாலையில் வால்வு வைக்காத கார்களுக்கு, 12 வோல்ட் மோட்டாருடன் கூடிய கட்-அவுட் தனியாகக் கிடைக்கிறது. மோட்டாரை முன்னும் பின்னும் சுழற்ற மின்னோட்டத்தின் திசையை மாற்ற வேண்டும். அதற்கு ஆறு முனைச் சுவிட்சைக் குறுக்காக இணைக்கலாம், அல்லது இரண்டு ரிலேக்களைப் பயன்படுத்தலாம். ரிலேயில் பொறித்திருக்கும் 30, 85, 86, 87, 87ஏ என்ற எண்கள் ஜெர்மானியத் தரநிலையான டின் 72552 வகுத்தவை. மோட்டாரின் இரு வயர்களும் தத்தம் ரிலேயின் 30 ஆம் முனைக்குப் போகும். ஓய்வில் இரண்டும் 87ஏ வழியே எர்த்தில் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வயருக்கு மட்டும் 12 வோல்ட் கிடைத்து மோட்டார் சுழலும். மற்றதை அழுத்தினால் எதிர்த்திசையில் சுழலும். விட்டதும் தானே நிற்கும் பொத்தானே இதற்குப் பொருத்தம். தட்டு கரி பிடித்து இறுகிய பின்னும் மின்சாரம் ஓடினால் மோட்டார் சூடேறிக் கருகும்.

வயரிங் சரியாக இருந்தாலும் பொருத்தும் இடம் தவறாகலாம். வினையூக்கி மாற்றிக்கு முன்னால் கட்-அவுட் வைத்தால் சத்தத்தோடு சுத்திகரிக்கப்படாத நச்சுப் புகையும் வெளியேறும். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி அது குற்றம்.

சட்டத்தின் பதில்

ஐரோப்பிய ஒன்றியம் 2014 இல் கொண்டுவந்த 540 ஆம் எண் ஒழுங்குமுறை இந்தச் சாமர்த்தியத்தைக் குறிவைத்தது. சோதனையில் மட்டும் வேலை செய்து, வழக்கமான சாலை ஓட்டத்தில் செயல்படாத எந்தக் கருவியையும் உற்பத்தியாளர் வைக்கக் கூடாது என்றது. ஓட்டுநர் தேர்ந்துகொள்ளும் நிலைகள் பல இருந்தால், எல்லாவற்றிலும் வரம்புக்குள் இருக்க வேண்டும். அவற்றுள் அதிகச் சத்தம் தருவதையே பதிவு செய்ய வேண்டும். சாதாரணக் கார்களுக்கு 2016 இல் 72 டெசிபெல்லாகத் தொடங்கிய வரம்பு, 2024 முதல் புதிய மாடல்களுக்கு 68.

இவையெல்லாம் தொழிற்சாலை வாசலோடு நிற்கும் விதிகள். டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சுவிட்சைக் காவலர்தான் தேட வேண்டும். பயணிகள் கார்களுக்கு நாடு தழுவிய ஒலி வரம்பு இல்லாத அமெரிக்காவில் மாநிலங்களே முனைகின்றன: கலிஃபோர்னியாவின் வரம்பு 95 டெசிபெல், நியூயார்க் 2021 இல் சட்டவிரோத சைலன்சர் மாற்றத்துக்கான அபராதத்தை 1,000 டாலர் வரை உயர்த்தியது.

வேடிக்கை என்னவென்றால், சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் அதே ஐரோப்பிய ஒழுங்குமுறைதான் மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது, பாதசாரிகளுக்குக் கேட்கும்படி செயற்கையாகச் சத்தம் எழுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. முதலில் எழுதியபோது, அச்சத்தத்தை நிறுத்திவைக்க ஓட்டுநருக்கு ஒரு சுவிட்ச் தர இடம் இருந்தது. 2017 இல் செய்த திருத்தம் அந்தச் சுவிட்சையும் எடுத்துவிட்டது.