திரையில் ஏறும் பெயர்கள்

படம் முடிந்து அரங்கில் விளக்குகள் எரிந்ததும் நாம் எழுந்துவிடுகிறோம். திரையிலோ அப்போதுதான் பெயர்கள் கீழிருந்து மேலாக ஏறத் தொடங்குகின்றன. உழைத்தவர்க்கு உரிய நன்றியுரை அது. அதனைத் தடையின்றிப் படிக்கும்படி நகரச் செய்வது எத்துணை அரிய வேலை என்பதைச் சிறிது நோக்குவோம்.

முற்காலப் படங்களில் பெயர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே, அட்டை அட்டையாக வந்து மறைந்தன. பெயர்கள் பெருகவே, அவற்றை நீண்ட தாளில் எழுதி, உருளையில் சுற்றி, காமிராவின் முன் மெல்லச் சுழற்றும் முறையும் கையாளப்பட்டது. சுழற்சி சற்றே தயங்கினாலும் எழுத்து துள்ளும். 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் முன்னுரையோ, ஏறத்தாழ 6 அடி நீளமுள்ள எழுத்துப் பலகையைக் கிடத்தி, அதன் நெடுக காமிராவை நகர்த்தி எடுக்கப்பட்டது.

1993-இல் 'ஆப்டர் எஃபெக்ட்ஸ்' என்னும் மென்பொருள் அமெரிக்காவில் வெளிவந்தது. பின்னர் அது அடோபி நிறுவனத்தின் வசமாயிற்று. இத்தகைய மென்பொருள்களால் கை நடுக்கம் நீங்கிற்று, துள்ளல் நீங்கவில்லை. காரணம் யாது? சினிமா, விநாடிக்கு 24 அசையாப் படங்களால் ஆனது. கணிப்பொறித் திரையோ புள்ளிகளால் ஆனது. படத்திற்குப் படம் எழுத்து முழுப் புள்ளிகளாக நகர்ந்தால் ஓட்டம் சீராக இருக்கும். மூன்றரைப் புள்ளி நகரச் சொன்னால், ஒருமுறை 3, மறுமுறை 4 எனத் தாவும்; அன்றேல் எழுத்தின் ஓரம் மங்கி மினுக்கும்.

1080 வரிகள் கொண்ட திரையில், படத்திற்கு 3 புள்ளி வீதம் வைத்தால் விநாடிக்கு 72 புள்ளிகள். ஒரு பெயர் அடியிலிருந்து உச்சியை எட்ட 15 விநாடிகள் ஆகும். 4 வைத்தால் 11¼ விநாடிகள். ஆதலின் முதலில் வேகத்தைத் தேர்ந்து, அதற்கேற்ப மொத்த நேரத்தையோ வரி இடைவெளியையோ திருத்துவதே முறை. நேரத்தை முன்னரே குறித்துப் பெயர்களை அதற்குள் திணித்தால் வேகம் பின்னமாகிவிடும்.

தமிழுக்கு இதில் தனிக்கவலையும் உண்டு. மெலிந்த எழுத்தில் மெய்ப்புள்ளி மங்கினால் 'கண்ணன்' என்பது 'கணணன' ஆகிவிடும். பிற மாநிலங்களில் வாழும் நாம், அலுவலகப் பதிவேடுகளில் நம் பெயர்கள் சிதைவதைக் கண்டு வருந்தியவர்கள். பெயர் பிழையின்றித் தெரிவதன் அருமை நமக்கு நன்கு விளங்கும்.

எனவே இனிப் படம் முடிந்தபின்னும் சற்றே அமர்ந்திருப்போம். ஏறிச் செல்லும் பெயர்களில் ஒன்றையேனும் முழுமையாகப் படித்துவிட்டு எழுவோம்.