லேபிள்ல யார் பேரு? ஹிப்ஹாப் தமிழாவும் சொந்தப் பாட்டின் கதையும்

இந்த எபிசோடை முதலிபாளையத்திலிருந்து பேசுறேன். திருப்பூர் பக்கத்துல, சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிற ஊர். பின்னலாடைத் தொழிலுக்குப் படிப்பு சொல்லித்தர்ற நிஃப்ட்-டீ கல்லூரியும் இங்கதான் இருக்கு. இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு வித்தியாசத்தை யாரும் விளக்கத் தேவையில்ல: ஜாப் ஒர்க் வேற, சொந்த பிராண்டு வேற. நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எல்லாம் இங்க நடக்கும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூர்ல இருந்துதான் போகுது. ஆனா சட்டையைத் திருப்பி உள்பக்கம் கழுத்துல பார்த்தா, பெரும்பாலும் கடல் தாண்டி இருக்கிற ஒரு பையரோட பேருதான் இருக்கும்.

இன்னைக்குப் பேசப்போறது பாட்டைப் பத்தி. ஆனா கேள்வி இதேதான். ஒருத்தர் எழுதி, மெட்டுப் போட்டு, பாடுற பாட்டு உலகம் பூரா போகலாம். போகும்போது லேபிள்ல யார் பேரு இருக்கும்?

காலணா பாட்டுப் புத்தகம்

"இண்டி மியூசிக்" ஏதோ யூட்யூப் வந்த பிறகு பிறந்ததுன்னு நாம நினைக்கிறோம். அப்படி இல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதி வரைக்கும் தமிழ்நாட்டுல ஒரு பெரிய சுயாதீன இசைச் சந்தை இருந்துச்சு. சென்னை குஜிலிக் கடைத்தெருவுல அச்சடிச்ச, காலணா அரையணாவுக்கு வித்த சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்கள். ரயில் விபத்து, புயல், கொலை வழக்கு, பகத்சிங் தூக்கு... எது நடந்தாலும் அதுக்கு ஒரு பாட்டு வந்துடும். சந்தையிலயும் ரயில் வண்டியிலயும் பாடிக் காட்டி விப்பாங்க. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இதுக்கு 'முச்சந்தி இலக்கியம்'னு பேரு வெச்சு ஒரு புத்தகமே எழுதியிருக்கார்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. எழுதினவர் பேரு அட்டையில இருக்கும். இந்தக் காலத்து பாஷையில சொன்னா, ரிலீஸ், மார்க்கெட்டிங், டிஸ்ட்ரிப்யூஷன் எல்லாமே ஒரு சின்ன அச்சகமும் நல்ல குரல் வளமும் இருந்தா முடிஞ்சுபோகும்.

1931ல 'காளிதாஸ்' வந்துச்சு. தமிழ்ப் பாட்டு பேசும் படத்துக்குள்ள போச்சு. அடுத்த பல பத்தாண்டுகளுக்குப் பெரிய பையர் ஒருத்தர்தான்: சினிமா. கர்நாடக இசைக்கு சபா, பக்திப் பாட்டுக்குக் கோயில், நாட்டுப்புறப் பாட்டுக்குத் திருவிழா மேடைன்னு தனிப் பாதைகள் இருந்துச்சு. கேசட் வந்ததும் அந்தப் பாதைகள் கொஞ்சம் அகலமாச்சு. ஆனா இருபது வயசுப் பையன் தன் ஊரைப் பத்தித் தானே எழுதின பாட்டை டீக்கடை வரைக்கும் கொண்டுபோகணும்னா, ஒரு தயாரிப்பாளர், ஒரு ஹீரோ, ஒரு சிச்சுவேஷன் வேணும். அதுக்குப் பேரு ஜாப் ஒர்க்.

மலேசியாவிலிருந்து திறந்த கதவு

தமிழ்ல ராப்னா நிறைய பேருக்கு முதல்ல ஞாபகம் வர்றது 1994ல வந்த 'காதலன்' படத்தின் பேட்டை ராப். அதுவும் படப்பாட்டுதான். சினிமாவுக்கு வெளியில ஒரு முழு இயக்கமா தமிழ் ராப் வளர்ந்தது மலேசியாவில. அங்க யோகி பி இருந்த பொயட்டிக் அம்மோ குழு 1998லயே ஆல்பம் போட்டுச்சு. 2006ல யோகி பி, நட்சத்ரா குழுவோட சேர்ந்து 'வல்லவன்' ஆல்பத்தை வெளியிட்டார். 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டை எடுத்து அவங்க செஞ்ச 'மடை திறந்து' இங்க காலேஜ் ஹாஸ்டல் வரைக்கும் வந்து சேர்ந்துச்சு. அடுத்த வருஷமே 'பொல்லாதவன்'ல யோகி பி குரலைக் கேட்டோம்.

இது ஏன் மலேசியாவில நடந்துச்சு? அங்க தமிழ்ச் சினிமாத் துறை பெருசா இல்ல. சார்ந்திருக்க ஒரு பையர் இல்லாதப்போ சொந்தமா சந்தை கட்டித்தான் ஆகணும். இங்க இருந்த பசங்களுக்கு அதுல ஒரு பாடம் இருந்துச்சு: ஹீரோ இல்லாமலும் தமிழ்ப் பாட்டு ஓடும்.

கோவை, 2011

அந்தப் பாடத்தைப் பிடிச்சுக்கிட்டவங்கதான் ஹிப்ஹாப் தமிழா. ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர்: ஆதி, ஜீவா. ஆதி 1990ல பிறந்த கோவைக்காரர், நம்மள மாதிரி எஞ்சினியரிங் படிச்சவர். இங்கிருந்து கோவை பக்கம்தான்.

2011ல ஒரு எஃப்எம் நிகழ்ச்சியில பாடின 'க்ளப்புல மப்புல' யூட்யூப்ல பத்திக்கிச்சு. அந்த நேரத்தைக் கொஞ்சம் யோசிங்க. 3ஜி அப்பதான் வந்துட்டிருந்துச்சு. யூட்யூப்ல ஒரு வீடியோ முழுசா ஓடணும்னா பொறுமை வேணும். ஒருத்தர் டவுன்லோடு பண்ணுவார், ப்ளூடூத்துல பத்து பேருக்குப் போகும், மொபைல் கடையில மெமரி கார்டுல ஏத்தித் தருவாங்க. குஜிலிப் புத்தகத்தை ரயில்ல கைமாத்தின மாதிரியே இது நடந்துச்சு. அதே 2011 நவம்பர்லதான் 'ஒய் திஸ் கொலவெறி' யூட்யூப் வழியா உலகம் பூரா போச்சு. ஆனா அது '3' படத்தின் பாட்டு, பின்னாடி ஒரு பெரிய மியூசிக் கம்பெனி இருந்துச்சு. கோவைப் பசங்க பின்னாடி அப்படி எதுவும் இல்ல.

பாட்டோட உள்ளடக்கத்தையும் பேசிடணும். குடிச்சிட்டு க்ளப்புக்குப் போற நகரத்துப் பெண்களைக் கண்டிக்கிற தொனி அதுல இருக்கு. பெண்களுக்கு மட்டும் ஏன் இந்த அறிவுரைன்னு அப்பவே விமர்சனம் வந்துச்சு. இன்னைக்குக் கேட்டா இன்னும் அதிகமாவே உறுத்தும். சுயாதீனம்னா எல்லா விஷயத்துலயும் முற்போக்குன்னு அர்த்தம் இல்ல. ஒரு தயாரிப்பாளரும் சென்சார் போர்டும் இல்லாம ஒரு இருபத்தோரு வயசுப் பையன் மனசுல இருந்தது அப்படியே வெளிய வந்துச்சு, நல்லதும் கெட்டதும் சேர்ந்து.

2012ல 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வந்துச்சு. அதுக்கப்புறம் நடந்ததைப் பார்த்தா சினிமா எவ்வளவு வேகமா வந்து கதவைத் தட்டுச்சுன்னு புரியும். 2013ல அனிருத் இசையில 'எதிர்நீச்சல்', 'வணக்கம் சென்னை' ரெண்டுலயும் பாட்டு. 2015 ஜனவரியில 'ஆம்பள' படத்துக்கு இவங்களே இசையமைப்பாளர்கள். அதே வருஷம் 'இன்று நேற்று நாளை', 'தனி ஒருவன்'. மூணே வருஷத்துல சொந்த ஆல்பத்திலிருந்து சினிமா மைய மேடைக்கு.

"அப்ப அவங்களும் ஜாப் ஒர்க்குக்குப் போயிட்டாங்களா?" நியாயமான கேள்வி. என் பதில்: போனாங்க, ஆனா லேபிளைத் தங்களோட எடுத்துட்டுப் போனாங்க. சினிமா டைட்டில்லயும் 'இசை: ஹிப்ஹாப் தமிழா'ன்னுதான் வந்துச்சு. படப்பாட்டு செஞ்சுட்டே தனிப்பாட்டையும் விடல. ஏற்கெனவே யூட்யூப்ல இருந்த 'டக்கரு டக்கரு' 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துல எல்லார் போன்லயும் ஓடுச்சு. அதே வருஷம் தங்களோட ஆரம்ப கால அலைச்சலையே 'மீசைய முறுக்கு'ன்னு படமா எடுத்தாங்க. ஆதியே எழுதி, இயக்கி, நடிச்சார். 2020ல 'நான் ஒரு ஏலியன்'னு திரும்பவும் தனி ஆல்பம். 2023ல ஆதி முனைவர் பட்டம் வாங்கினார். தலைப்பு என்ன தெரியுமா? இசைத் தொழில்முனைவு. பாட்டை எப்படி உருவாக்குறதுங்கறதோட, அதை வெச்சு எப்படிப் பிழைக்கிறதுங்கறதும் ஒரு படிப்புன்னு அவர் புரிஞ்சுக்கிட்டார்.

ரெண்டாவது பேரு

ஒரு சின்ன சோதனை. உங்க பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட 'ஹிப்ஹாப் தமிழா யாரு?'ன்னு கேளுங்க. பத்துல ஒன்பது பேர் 'ஆதி'ன்னு சொல்லுவாங்க. கேமரா முன்னாடி நிக்கிறவர் பேரு நிக்குது, பக்கத்துல வேலை செஞ்ச ஜீவா பேரு கரைஞ்சுபோகுது. இது அவங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கிற பிரச்சினைன்னு நான் சொல்லல. கேக்குற நம்மளோட பழக்கம் இது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1965 வரைக்கும் ஒண்ணா இசையமைச்சாங்க. இன்னைக்கு அந்தக் காலத்துப் பாட்டைக் கேட்டுட்டு நாம சுலபமா 'எம்.எஸ்.வி. பாட்டு'ன்னு சொல்லிட்டுப் போறோம்.

இது வெறும் பழக்கமா நிக்காம, வலியா மாறின கதை ஒண்ணு இருக்கு. 2021 மார்ச் 7ல 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியாச்சு. தீ, அறிவு, தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச அறிவோட பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள்ள இருக்கு. நிலத்தைத் திருத்தினவங்களுக்கு நிலம் இல்லாமப் போன வரலாறு, எந்தப் படமும் இல்லாம, உலகத்துக்கே போய்ச் சேர்ந்துச்சு. ஆனா அதே 2021 ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில அறிவு இல்ல. இயக்குநர் பா. ரஞ்சித் அதை வெளிப்படையா விமர்சிச்சார், பிறகு அறிவுக்கும் ஒரு அட்டை வந்துச்சு. 2022ல சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல அந்தப் பாட்டு அறிவு இல்லாம மேடையேறினதும், யார் எழுதினது, யார் மெட்டுங்கற விவாதம் பொதுவெளிக்கு வந்துச்சு. 2024 மார்ச்ல சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை வருமானமே வரலன்னு வீடியோவுல சொன்னார்.

இதுல தீர்ப்பு சொல்றது என் வேலை இல்ல. ஆனா ஒரு விஷயம் தெளிவா தெரியுது. 2011ல கேள்வி 'பாட்டு எப்படி உலகத்துக்குப் போகும்?'னு இருந்துச்சு. 2021ல அது தீர்ந்துபோச்சு, ஒரு ராத்திரியில போயிடும். மிச்சம் இருக்கிறது, போன பாட்டு யாருடையதுங்கற கேள்விதான்.

சட்டையும் பேட்டர்னும்

இங்க சட்டம் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு சொத்து இருக்கு. வரியும் மெட்டும் ஒண்ணு. அதைப் பாடிப் பதிவு செஞ்ச ஒலி இன்னொண்ணு. டெக் ஆளுங்களுக்குச் சொன்னா, சோர்ஸ் கோடு வேற, பில்டு வேற. நம்ம ஊர்ல சொன்னா பேட்டர்ன் வேற, தைச்சு முடிச்ச பீஸ் வேற. பீஸ் கைமாறலாம். அதனால பேட்டர்ன் போட்டவர் உரிமை தானா போயிடாது.

ஆனா இந்தியாவில ரொம்ப காலம் எல்லாத்தையும் மொத்தமா எழுதி வாங்கிக்கிறதுதான் வழக்கம். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில குரல் கொடுக்க, 2012ல பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டுச்சு. ஜூன் 21ல அமலுக்கு வந்துச்சு. 'ஹிப்ஹாப் தமிழன்' வந்த அதே வருஷம்! அதன்படி, தியேட்டர்ல படத்தோட ஓடுறதைத் தவிர மத்த பயன்பாடுகளுக்குப் பாட்டு எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில சம பங்கு உண்டு. சினிமாவுல இல்லாத தனிப்பாட்டுக்கும் இந்தப் பாதுகாப்பு இருக்கு. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேற யாருக்கும் அந்த உரிமையை எழுதிக் கொடுக்க முடியாது, நீங்களே விரும்பினாலும்.

ஆனா நீங்கதான் எழுதினீங்கன்னு காட்ட முடிஞ்சாத்தான் சட்டம் உதவும். ரெண்டு பேர் சேர்ந்து பாட்டுப் பண்றாங்கன்னா நட்பு இருக்கும், உற்சாகம் இருக்கும், 'நமக்குள்ள என்னடா கணக்கு'ன்னு ஒரு பேச்சும் இருக்கும். பவர்டேபிள்காரர்கூட, கூடப்பிறந்த தம்பியோட சேர்ந்து யூனிட் போட்டாலும், பீஸ் கணக்கை நோட்டுல எழுதி வெப்பார். அது நம்பிக்கைக் குறைவு இல்ல. நாளைக்கு நம்பிக்கை கெடாம இருக்கிறதுக்கு.

இதைக் கேக்குறவங்கள்ல சிலபேர் ஷிப்டு முடிஞ்சு ஹாஸ்டல் ரூம்ல பீட் போடுறவங்க, மெஸேஜ் அனுப்பியிருந்தீங்க. உங்களுக்கு ஒரே வேண்டுகோள். அப்லோடு பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு தாள் எடுங்க. வரி யாரு, மெட்டு யாரு, பீட் யாரு, ஆளுக்கு எத்தனை சதவீதம். எழுதி, தேதி போட்டு, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. பாட்டிகிட்ட கேட்ட சொல்லோ கதையோ இருந்தா அவங்க பேரையும் சேர்த்து எழுதுங்க.

பாட்டு கேக்குற நம்ம எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கு. டிஸ்க்ரிப்ஷனைத் திறந்து கடைசி வரைக்கும் படிங்க. அதுல ரெண்டாவது பேரு யாருன்னு பாருங்க.