கணவாயும் உப்பும் பனிக்கட்டியும்

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு அருளப்பட்ட மன்னாவை மறுநாளுக்கென எடுத்து வைத்தபோது, அது புழு வைத்து நாறியது என்று விடுதலைப் பயண நூலின் 16-ஆம் அதிகாரம் கூறுகிறது. கடல் அளிக்கும் உணவும் ஏறக்குறைய அத்தகையதே. அதனை மறுநாளுக்குக் காத்து வைக்க மனிதர் மேற்கொண்ட முயற்சிகளுக்கு நெடிய வரலாறு உண்டு. உணவைக் காக்கும் பொருள் யார் கையில் இருந்ததோ, உழைப்பின் பயனும் பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்தது என்பதை அவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது. நம் கடற்கரை மக்கள் நன்கறிந்த கணவாயைக் கொண்டு இதனைச் சற்றே சிந்திப்போம்.

கணவாய் பெயரளவில்தான் மீன். உண்மையில் அது சிப்பி, நத்தை ஆகியவற்றின் உறவான மெல்லுடலி. ஓட்டுக்கணவாய்க்கு முதுகில் வெண்ணிற ஓடு உண்டு. ஊசிக்கணவாய்க்கோ கண்ணாடி போன்ற மெல்லிய தண்டு மட்டுமே. பிடிபட்டவுடன் அதன் தசை ஒளி ஊடுருவுவதாய் இருக்கும். நேரம் செல்லச் செல்லப் பால்போல் வெளுத்து, பின்னர் தோலின் நிறம் இறங்கி இளஞ்சிவப்பாகும். தசையிலுள்ள நொதிகள் விரைந்து செயல்படுவதால் அது மிக விரைவில் கெடும். ஆகவே, மைப்பை உடையாமல் குடலை அகற்றி, தண்டை உருவி, தோலை உரித்து அன்றே சமைப்பதே சிறந்தது. மிகுந்த சூட்டில் இரண்டு மூன்று நிமிடங்களில் இறக்கிவிட்டால் கணவாய் மென்மையாயிருக்கும். அந்நேரம் கடந்தால் ரப்பர்போல் இறுகிவிடும். பின்பு முக்கால் மணி நேரமேனும் குழம்பில் வெந்த பிறகே மீண்டும் இளகும்.

உண்டு எஞ்சியதைக் காக்க மக்களுக்கு முதலில் கிடைத்த துணை கதிரவனே. பிளந்து விரித்தால் கணவாய் மெல்லிய தகடாகிவிடும். ஆதலால் சிறிதளவு உப்புடனோ, உப்பே இன்றியோ அதனை உலர்த்த முடியும். ஜப்பானியர் 'சுருமே' என்னும் கணவாய்க் கருவாட்டை இவ்வாறே செய்கின்றனர். ஆனால் தடித்த மீன்களுக்கும் மழைக்காலத்திற்கும் உப்பு இன்றியமையாதது. அந்த உப்புதான் நம் மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு வணிகம் ஆங்கிலக் கம்பெனியின் தனியுரிமையாயிற்று. கடலோரத்தில் தானாய் விளையும் உப்பை அள்ளுவதும் குற்றமாயிற்று. மீனின் விலையோடு ஒப்பிட, வரி சுமந்த உப்பின் விலை ஏழைக்குத் தாங்கவொண்ணாததாய் இருந்தது. இந்திய மீன்வளத்தைப் பற்றி 1873-இல் அறிக்கை அளித்த மருத்துவர் பிரான்சிஸ் டே, உப்புவரி மீன் பதனிடுதலை நலிவுறச் செய்ததை எடுத்துரைத்தார். பின்னர் அரசு மீன் பதனிடும் தளங்களை அமைத்து, அவற்றுள் மட்டும் வரியற்ற உப்பை வழங்கியது. தன் கருவாட்டைத் தன் முற்றத்தில் உப்பிடுவதற்கு மாறாக, அதிகாரியின் கண்முன் உப்பிட வேண்டிய நிலை உருவாயிற்று. 1930-இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் அள்ளப்பட்ட ஒரு பிடி உப்பின் பொருளைக் கடலோர மக்கள் எவரும் விளக்காமலேயே உணர்ந்திருப்பர் அன்றோ! 1947-இல் உப்புவரி நீக்கப்பட்டது.

பனிக்கட்டியின் கதையும் இதனையொத்ததே. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் 'ஐஸ் ஹவுஸ்' 1842-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. அமெரிக்காவின் குளங்களில் வெட்டப்பட்ட பனிக்கட்டி, பிரெடரிக் டியூடரின் கப்பல்களில் வந்து அங்கே குவிந்தது. அது செல்வரின் பானங்களைக் குளிர்வித்தது. எதிரே கரையேறிய மீன்களுக்கு எட்டவில்லை.

ஐக்கிய நாடுகள், நார்வே, இந்தியா ஆகிய முத்தரப்பும் 1952-இல் செய்த உடன்படிக்கையின் வழியாகக் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் விசைப்படகும் பனிக்கட்டி நிலையமும் தோன்றின. 1953-இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவிற்குச் சென்றது. இறாலைத் தொடர்ந்து கணவாயும் கடல் கடந்தது. ஒரு காலத்தில் தூண்டில் இரையாகவும் மலிவுப் பொருளாகவும் கருதப்பட்ட அது, இன்று ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் மேசைகளை அடைகிறது.

இது வளர்ச்சியே, மறுப்பதற்கில்லை. கெட்டுப்போய்க் கடலில் வீசப்பட்டது இன்று விலைபோகிறது. எனினும் வெயிலில் உலர்த்துவதற்குப் பெண்களின் கைகளும் கடற்கரை மணலும் போதும். உறைய வைப்பதற்கோ முதலும் மின்சாரமும் வேண்டும். காக்கும் ஆற்றல் முற்றத்திலிருந்து ஆலைக்குச் சென்றபோது, விலை சொல்லும் ஆற்றலும் உடன் சென்றது. காத்து வைக்க வசதியற்றவர் கேட்ட விலைக்கு விற்றே தீரவேண்டும்.

ஆகவே, பங்கு மன்றங்களும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் படகுக்கும் வலைக்கும் கடன் கேட்கையில், கூடையில் மீன் சுமக்கும் பெண்களுக்கு ஒரு பனிக்கட்டிப் பெட்டியும், தூய்மையான உலர்தளமும் கேட்டால் என்ன? விலை படியும்வரை ஒரு நாள் காத்திருக்க முடிவதும் அவர்களுக்குரிய விடுதலைதான்.